புரூஃபுக்குக் காசு கொடுத்தவன்

அப்பாவுக்கு எதையும் சும்மா படிக்கத் தெரியாது. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்து, புரூஃப் ரீடராக ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இலை போடும் வரைக்கும் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். “சம்பந்தி பேருக்கு முன்னால ஒரு ஒற்று விட்டுப்போச்சு” என்று என் காதில் சொல்வார். அது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காதிலும் விழுந்துவிடுமோ என்று அம்மாவுக்கு வயிறு கலங்கும்.

அந்தப் புத்தி எனக்கு வரவில்லை என்றுதான் நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஜாஸ் ரெக்கார்டு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அது காது வழியாக வந்திருக்கிறது.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், முருங்கைக்கீரைகூடக் கிடைக்கிற எடிசன் பக்கம். இங்கிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் எங்கிள்வுட் கிளிஃப்ஸ். அங்கே சில்வன் அவென்யூவில், மரங்களுக்குப் பின்னால், ரூடி வான் கெல்டர் 1959-ல் கட்டிய ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. முப்பத்தொன்பது அடி உயர மரக்கூரை, தேவாலயம் போல என்பார்கள். நான் சாலையில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. முதல் தடவை போனபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஏதோ கோபுரத்தைப் பார்த்தவன் மாதிரி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9-ம் தேதி ‘எ லவ் சுப்ரீம்’ வாசித்த இடம் அது.

வான் கெல்டர் முதலில் கண் பரிசோதகர். பகலில் ஆட்களுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுப்பார், மிச்ச நேரத்தில் ஹாக்கென்சாக்கில் தன் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் ஜாஸ் பதிவு செய்வார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் மைக்கும் டேப் இயந்திரமும் வாங்கினார். ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்ஃபிரட் லயனும் ஃபிரான்சிஸ் வுல்ஃபும் நடத்திய புளூ நோட் கம்பெனியின் ஐம்பதுகளின் முக்கியமான தட்டுகள் பலவும் அந்தக் கூடத்தில் பதிவானவை. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ஒரு பாட்டுக்கு ‘ஹாக்கென்சாக்’ என்றே பெயர் வைத்தார். வான் கெல்டர் கையுறை போட்டுக்கொண்டு மைக்கைத் தொடுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். கூடத்தில் தின்பண்டம் கூடாது. எந்த மைக்கை எங்கே வைத்தார் என்பதைக் கடைசி வரை யாருக்கும் சொல்லவில்லை. 2016-ல் காலமானார்.

ஒலித்தரப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏன் ஜாஸையே சுற்றி வருகிறோம் என்றால், காரணம் எளிது. நாலைந்து பேர், ஒரே அறை, எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிப்பு. 1957 வாக்கில் தொடங்கி, இரண்டு தட நாடாவில் நேராகப் பதிவு. அப்புறம் ஒட்டிச் சேர்ப்பது, மேலே பூசுவது அபூர்வம். அன்று மதியம் அந்த அறையில் என்ன நடந்ததோ அதுதான் நாடா. எனவே அந்த நாடாவுக்கும் என் காதுக்கும் நடுவே என்னென்ன கெட்டுப்போகிறது என்று தேடுகிற ஆசை வந்துவிடுகிறது. டிரம்ஸ் கலைஞர் பில்லி ஹிக்கின்ஸ் சிம்பலைத் தட்டினால், தட்டியதற்குப் பிறகு அந்த வெண்கலம் எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்பதில் ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கேட்கும். கேட்டுவிட்டால் தொலைந்தது.

ரெக்கார்டு என்பது விட்டுக்கொடுத்தல்களின் மூட்டை. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று வேகத்தில் தட்டு சீராகச் சுற்றினாலும், ஊசிக்குக் கீழே ஓடும் பள்ளத்தின் நீளம் சீராக இல்லை. வெளி விளிம்பில் நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர், உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அதே சங்கதியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் டிரம்பெட் கரகரப்பது இதனால்தான். அச்சகத்துக்காரர்களுக்கு இது புரியும். நோட்டீசின் அடியில் இடம் போதாமல் சின்ன எழுத்தில் நெருக்கிக் கோப்பது போல.

பேஸ் எனும் தாழ்ந்த ஓசை அதிகமானால் பள்ளம் அகலமாகும், ஐம்பதுகளின் மலிவு பிளேயரில் ஊசி துள்ளிவிடும். வாங்கியவன் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவான். அதனால் வான் கெல்டர் தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து, ஏற்ற இறக்கத்தை அமுக்கித்தான் வெட்டினார். அந்தக் காலத்திலேயே அச்சான மூலப்பிரதியில் ஒரு துடிப்பு, முகத்துக்கு நேராக வந்து மோதுகிற ஒரு வேகம் இருப்பதற்கும் அந்த அமுக்கல் ஒரு காரணம். ஆனால் நாடாவில் இருந்தது அதைவிட அதிகம். வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரை வட்டின் உள்வளையத்தில் டார்ச் அடித்துத் தேடுகிற நாம் இப்படி இருக்க, அவரோ டிஜிட்டல் வந்ததும் சந்தோஷமாக அந்தப் பக்கம் போய்விட்டார். எல்பி ஒழிந்ததில் தனக்கு வருத்தமில்லை என்கிற மாதிரியே பேசினார்.

உள்வளையம் என்று சொன்னேன். பாட்டு முடிந்து ஊசி வழுக்கிப் போகிற மொட்டை இடம். அங்கேதான் தட்டின் ஜாதகம் இருக்கும். ‘ஆர்விஜி’ என்றோ ‘வான் கெல்டர்’ என்றோ பொறித்திருந்தால் அவர் வெட்டியது. காது மாதிரி ஒரு சுழி இருந்தால் பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்தியது, அதாவது 1966-க்கு முன். உண்மையில் அது ஆங்கில ‘பி’ எழுத்து. யாரோ காது என்று சொல்லிவைத்தார்கள், அதுவே நின்றுவிட்டது. லேபிளில் லெக்சிங்டன் அவென்யூ முகவரி இருந்தால் ஒரு விலை, மேற்கு 63-ம் தெரு முகவரி இருந்தால் ஒரு விலை. ஒரே பாட்டுதான். வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பார்ப்பது போல முகவரி பார்த்துக்கொண்டிருப்போம்.

மோனோ, அதாவது எல்லா ஓசையும் ஒரே தடத்தில் வருவது, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளூ நோட்டின் மோனோ பிரதிதான் நிஜம், ஸ்டீரியோ பிறகு வந்த அலங்காரம் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. 1958 இறுதிக்குப் பிறகு வான் கெல்டர் மோனோவுக்கென்று தனி நாடா ஓட்டவே இல்லை. இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோ தட்டு வெட்டினார். இதைச் சொன்னால் நண்பர்கள் முறைக்கிறார்கள். மோனோவுக்குக் கூடுதல் விலை கொடுத்தவன் நானும்தான் என்பதால் அழுத்திச் சொல்வதில்லை.

நல்ல நிலையில் உள்ள மூலப்பிரதிக்கு நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மறுவெளியீடுகள். 2007 வாக்கில் மியூசிக் மேட்டர்ஸ் என்ற சின்ன கம்பெனி புளூ நோட் தட்டுகளை 45 வேகத்தில், ஓர் ஆல்பத்தை இரண்டு வட்டாகப் பிரித்துப் போட்டது. வேகம் கூடினால் உள்ளே நெருக்கடி குறையும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்துபோய்த் திருப்ப வேண்டும். என் முழங்காலுக்கு அது ஒத்துவரவில்லை. அந்தக் கம்பெனியை நடத்தியவர்களில் ஒருவரான ஜோ ஹார்லியைக் கொண்டே 2019-ல் புளூ நோட் ‘டோன் போயட்’ வரிசையைத் தொடங்கியது. அது ஹார்லிக்கு சாக்ஸஃபோன் கலைஞர் சார்லஸ் லாய்ட் வைத்த பட்டப்பெயர். பொறியாளர் கெவின் கிரே மூல நாடாவிலிருந்து நேராக வெட்டுகிறார், கலிஃபோர்னியாவின் கமரில்லோவில் உள்ள ஆர்டிஐ ஆலையில் அழுத்துகிறார்கள். விலை முப்பத்தைந்து நாற்பது டாலர்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். உட்கார்ந்து கேட்பதற்கு டோன் போயட்தான் மேல். டபிள் பேஸின் மர உடம்பு இதில் கேட்கிற அளவுக்கு நான் கேட்ட எந்த மூலப்பிரதியிலும் கேட்கவில்லை. மூலப்பிரதியில் இருக்கிற அந்த முரட்டுத்தனம் இதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுபது வருடமாகப் பலர் வீட்டு மொட்டை ஊசி உழுத பள்ளத்துக்குப் பணத்தைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

காதைப் பற்றி நாம் பேசுகிற வீரம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2022 ஜூலை ஒரு நல்ல பாடம். மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுவெளியீட்டுக் கம்பெனி, ரெக்கார்டு வட்டாரத்தில் பெரிய பெயர், 1977-லிருந்து இருப்பது. மூல நாடாவிலிருந்து செய்தது என்று அவர்கள் விற்ற தட்டுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருக்கிறது என்பது அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகர ரெக்கார்டு கடைக்காரர் ஒருவர் போட்ட காணொளியால் வெளியே வந்தது. கம்பெனியின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். 2011-லிருந்து நடக்கிறதாம். பத்து வருடத்துக்கு மேல், டிஜிட்டல் என்றால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவேன் என்றவர்கள் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. வழக்கு போய், 2.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. என் அலமாரியில் அவர்களுடைய தட்டுகள் எட்டு இருந்தன. அதில் ஒன்றைப் போட்டுக்காட்டி, “கலப்படமில்லாத நாடா ஓசை, சிடியில் இது வரவே வராது” என்று நான் ஒரு நண்பருக்குப் பாடம் எடுத்த நாள் ஞாபகம் வந்தது. அந்த நண்பர் நல்ல மனிதர், இன்று வரை அதை எடுத்துப் பேசவில்லை. தட்டு எட்டும் இன்னும் இருக்கின்றன, நன்றாகத்தான் ஒலிக்கின்றன.

சரி, தலைப்பில் சொன்ன புரூஃபுக்கு, ரெக்கார்டுக்காரர்கள் டெஸ்ட் பிரஸ்ஸிங் என்று சொல்வதற்கு வருகிறேன்.

அலுமினிய வட்டின் மேல் பூசிய அரக்குப் பூச்சில் ஊசியால் பள்ளம் வெட்டுவதுதான் முதல் வேலை. (2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங்கில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனபின், இந்த அரக்கு வட்டு செய்ய உலகத்திலேயே ஜப்பானில் ஒரு சிறிய கம்பெனிதான் மிஞ்சியது.) அதன் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் வருவது ‘தந்தை’. பள்ளம் இருந்த இடத்தில் மேடு. தந்தையிலிருந்து ‘தாய்’, மறுபடி பள்ளம். தாயிலிருந்து ஸ்டாம்பர் என்கிற அச்சு. அச்சு இயந்திரத்தில் ஏறி, சூடான வினைல் உருண்டையை அழுத்தினால் ரெக்கார்டு. ஒரு அச்சு ஆயிரம் சொச்சம் தட்டு வரை தாங்கும், பிறகு தேயும்.

ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன்னால் சில பிரதிகள் மட்டும் அடித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்புவார்கள். லேபிள் பெரும்பாலும் வெறும் வெள்ளை, படம் போட்ட உறை கிடையாது. அவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். டிக் சத்தம் இருக்கிறதா, நடுத்துளை சரியாக இருக்கிறதா, பாட்டு வரிசை மாறியிருக்கிறதா, வினைல் பள்ளத்தின் மூலை வரை போய் நிரம்பாமல் ஜிப் இழுப்பது போல் சரசரக்கிறதா என்று பார்ப்பார்கள். சரி என்றால் அச்சு ஓடும். இல்லை என்றால் புதிய அச்சு, சில சமயம் வெட்டுவதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வெள்ளை லேபிள்கள் பிறகு எப்படியோ சந்தைக்கு வருகின்றன. அச்சிலிருந்து வந்த முதல் பத்தில் ஒன்று, எனவே பள்ளம் கூர்மையாக இருக்கும் என்பது வாதம். பத்தாவது பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் என் காதில் எந்த வித்தியாசமும் பட்டதில்லை. ஆனாலும் வாங்கினேன். அறுபதுகளின் தொடக்கத்து சாக்ஸஃபோன் ஆல்பம் ஒன்றின் மறுவெளியீடு. எந்தக் கம்பெனி, எந்த ஆல்பம் என்பதெல்லாம் வேண்டாம், லேபிளிலேயே எழுதவில்லை. 380 டாலர். வீட்டில் சொன்ன தொகை வேறு.

இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. பியானோ அடங்கி பேஸ் தனியாக நடக்கிற இடத்தில், டிக். அப்புறம் 1.8 நொடி கழித்து இன்னொரு டிக். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி. பதினோரு சுற்று, இருபது நொடி. ஊசியைத் துடைத்தேன், தட்டைக் கழுவினேன், ஊசியின் பாரத்தை ஏற்றி இறக்கினேன். கடைசியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கீறல் இல்லை. கடுகளவுகூட இல்லாத ஒரு மேடு, வினைலோடு வினைலாக. அச்சிலேயே இருந்த குறை. விற்றவருக்கு எழுதினேன். “டெஸ்ட் பிரஸ்ஸிங் என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு வரி பதில் வந்தது. கோபம் வந்தாலும், சரியான பதில்தான்.

பிறகு கடையில் விற்கிற சாதாரணப் பிரதியை 35 டாலருக்கு வாங்கினேன். அதே இடம். பேஸ் நடக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. யாரோ ஒருவர் அந்தப் பதினோரு டிக்கைக் கேட்டு, எழுதி அனுப்பி, புது அச்சு போட வைத்திருக்கிறார். அவர் தள்ளிய பிரதியைப் பத்து மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன்.

போன கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு இங்கே பொழுது போகாது. தபாலில் வரும் விளம்பரத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு, ஒரு நாள் அலமாரிப் பக்கம் வந்தார்.

“இதுல மட்டும் ஏன் பேரு போடல?”

“அது புரூஃப்ப்பா.”

முகம் மாறிவிட்டது. தந்தை, தாய், அச்சு என்று எல்லாவற்றையும் கேட்டார். “பிளாக் எடுக்கற மாதிரிதான்” என்று தலையாட்டினார். விலையைக் கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை.

“ஏண்டா, நாங்க புரூஃப் திருத்தி பிரிண்ட் ஆர்டர் கொடுத்ததும் அதைப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துடுவோம். நீ காசு கொடுத்து வாங்கியிருக்க.”

அவரைச் சமாதானப்படுத்த டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் கதையைச் சொன்னேன். ‘கைண்ட் ஆஃப் புளூ’, 1959 மார்ச் 2-ம் தேதிப் பதிவு. அன்றைக்கு ஓடிய டேப் இயந்திரங்களில் ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி மேலே போய்விடும். தட்டின் முதல் பக்கம் முழுக்க அப்படி. முப்பது வருடத்துக்கு மேல், உலகத்தில் இத்தனை பேர் வாங்கிய ரெக்கார்டில், அந்தப் பக்கம் சுருதி தப்பியே ஒலித்தது. கூடவே வாசித்துப் பழகிய பிள்ளைகள் பியானோவோடு சேராமல் தவித்திருக்கிறார்கள். கூட ஓடிய இன்னொரு நாடாவை எடுத்து 1992-ல்தான் திருத்தினார்கள். முதல் பதிப்பின் உறையில் கலைஞர் பெயரில் எழுத்துப்பிழை வேறு, சாக்ஸஃபோன் வாசித்த ஆடர்லியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. அந்தப் பிழை இருந்தால்தான் இன்று விலை அதிகம்.

அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். “பிழைக்கு விலையா? எங்க முதலாளி சம்பளத்துல பிடிச்சாரே!”

“போடு கேட்போம்” என்றார். எங்கே குறை என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஜாஸ் தெரியாது, சாக்ஸஃபோன் என்றால் கத்ரி கோபால்நாத் கச்சேரி ஒன்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முதல் டிக் விழுந்ததும் சுண்டுவிரல் அசைந்தது. அடுத்ததற்கு அடுத்த விரல். ஒன்பது, பத்து, பதினொன்று.

“மத்த காப்பியில திருத்திட்டாங்களா?”

திருத்திய பிரதியைப் போட்டேன். அந்த இடம் வந்தபோது இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். சுத்தமாகக் கடந்து போனது. “ம்” என்றார். பிறகு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. பாட்டு முடிந்து ஊசி மொட்டை வளையத்துக்கு வரும் வரை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு, அந்த வெள்ளை லேபிளை விற்றுவிடலாம் என்று எடுத்தேன். இப்போது இன்னும் நல்ல விலை போகும் என்று கேள்வி. படம் எடுப்பதற்காக உறையிலிருந்து உருவினேன். இரண்டாம் பக்க லேபிளில், நீல பால்பாயின்ட் பேனாவில், ஓரமாக நேர்க்கோட்டில் எழுதியிருந்தது: “கடைசிப் பாட்டு. 11 இடங்களில் டிக். திருத்தி மறு புரூஃப் காட்டவும்.” கீழே கையெழுத்து, தேதி.

ஒற்றுப்பிழை எதுவும் இல்லை.